அந்தப் பெரிய ஸ்பூன்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் நர்ஸாக இருக்கும் வார்டுக்கு ஒரு பெண் குழந்தை வந்தாள். ஒரு ஸ்பூன் இருமல் மருந்து என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் சோறு தின்னும் ஸ்பூனில் ஊற்றிவிட்டார்கள். ஐந்து மில்லிக்குப் பதிலாகப் பதினைந்து. எழுப்பியும் எழவில்லை. இப்போது சிரிக்கிறாள், பயப்படாதீர்கள்.

அப்பாவுக்கும் இருமல் மருந்தை அந்த மாதிரிப் பெரிய ஸ்பூனில்தானே தருகிறீர்கள்? போனில் சொன்னால், "உன்ன வளத்த கைக்கு அளவு தெரியாதாடி?" என்று சிரிக்கிறீர்கள். அவர் பகலெல்லாம் தூங்குகிறாராமே! காலில் விழுந்து கேட்கிறேன், இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கடிதம் கொண்டுவரும் தோழியிடம் அளவு மூடி இருக்கிறது. ஐந்து என்ற கோடுவரை மட்டும் ஊற்றுங்கள்.

அந்த ஸ்பூனை அவளிடமே கொடுத்தனுப்புங்கள். இங்கே நான் தனியாகச் சாப்பிடும்போது அது என் கையில் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளத் தோழி வாசலில் நிற்கிறாள்.

உங்கள் மகள்