தட்டை வளையம்

ஜூலை 8
மூலக்கூறுகளைக் கணினியில் கட்டிப் பார்க்கும் பாடம் மூன்றாம் ஆண்டுக்கு வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் துறைத்தலைவர் கொட்டாவி விட்டார். பாடத்திட்டக் குழு வருகிறது என்றதும் அது அவருடைய கனவாகிவிட்டது. மவுஸை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அம்பு ஏன் நகரவில்லை என்று கேட்கிற மனிதர்.

ஜூலை 15
குழுவுக்கு அவரே செய்து காட்டப் போகிறாராம். "நீ பக்கத்துல நின்னாப் போதும்மா." பீரோவும் அப்படித்தான் நிற்கிறது.

ஜூலை 16
ஆறு கார்பன் வளையமான சைக்ளோஹெக்சேனைத் தட்டையாக வரைந்தார். அப்பழுக்கில்லாத சமச்சீர், மேலேயும் இழுப்பில்லை, கீழேயும் இழுப்பில்லை. கூர்முனையில் நிறுத்திய பென்சில் போல அப்படியே நின்றது. 'கணக்கு முடிந்தது' என்றது திரை.

"நாற்காலி மாதிரி மடங்கியிருக்கும்னு பழைய புத்தகத்துல போட்டிருப்பான். இப்ப கம்ப்யூட்டர் துல்லியமா சொல்லிருச்சு பாருங்க."

குழுவில் எல்லாரும் முனைவர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

புத்தகம்தான் சரி என்று தெரிந்தும் நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பாடம் போயிருக்கும் — அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 17
அனுமதி கிடைத்துவிட்டது. "அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்கிறார் கணவர்.

ஆகஸ்ட் 4
முதல் செய்முறை. பாதி வகுப்பு தட்டை வளையத்தையே விடையாகக் கொடுத்தது. பொத்தானை அமுக்கத் தெரிந்த மந்தை. திட்ட ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"துறை வாசல்ல மாட்டியிருக்கிற டெமோ போட்டோல இதே வளையம்தானே மேடம் இருக்கு? பக்கத்துல நீங்களும் நிக்கிறீங்க."

இவர்களை இளக்காரம் பண்ண எனக்கு என்ன யோக்கியதை?

ஒரு கார்பனை மட்டும் கொஞ்சம் மேலே தள்ளி மறுபடி ஓட்டச் சொன்னேன். வளையம் நாற்காலியாக மடங்கியது, ஆற்றல் சரிந்தது. ஏன் என்று அவர்களே சொல்லும்வரை விடவில்லை. வாசலில் இருப்பது தப்பு, பேசாமல் நின்றது அதைவிடத் தப்பு என்றும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 6
துறைத்தலைவர் காதுக்குப் போய்விட்டது. "உனக்கு டைட்ரேஷன் வகுப்பு போட்டிருக்கேன். கம்ப்யூட்டர நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளட்டும். பாவம் கம்ப்யூட்டர். — இல்லை, வலிக்கிறது. அது என் பாடம்.

ஆகஸ்ட் 13
டைட்ரேஷன் அறைக்கும் கணினி அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். அவர் குரல் கேட்டது: "முடிஞ்சதுன்னு ஸ்கிரீன்லயே வந்துருச்சுல்ல? எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

"அது சொல்லிருச்சு சார்," என்றாள் கடைசி பெஞ்சுக்காரி. "ஏன்னு நாங்க இன்னும் சொல்லல."

சொட்டுச் சொட்டாக விட வேண்டிய பியூரெட்டை மூட மறந்து நின்றிருக்கிறேன். லேசாக நிறம் வந்ததும் நிறுத்தியிருக்க வேண்டியது, குடுவை முழுக்க அடர்ந்த இளஞ்சிவப்பு. முதலிலிருந்து செய்து காட்ட வேண்டியதாயிற்று.