எங்களுக்கென்று ஒரு சேர்வர்

உமது விசைப்பலகையிலிருந்து 'ழ' இன்று காலை கழன்று விழுந்துவிட்டது. ஜேர்மன் எழுத்துகளுக்கு மேல் நீர் வெட்டி ஒட்டிய தமிழ்த் துண்டுகளில் இவ்வளவு நாளும் பிடிவாதமாக நின்றது அதுதான். பசை தேடி எடுத்து மீண்டும் ஒட்டினேன். கொஞ்சம் கோணல். "பல்லு டொக்டரிட்ட வேலை செய்யிற ஆளுக்கு ஒரு எழுத்தை நேரா ஒட்டத் தெரியேல்லையோ?" என்று நீர் கேட்டிருப்பீர். உம்மோடு கதைத்து நாளாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொலோனில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தை நாம் இருவரும் பொறுப்பெடுத்தபோது எவ்வளவு திட்டம் போட்டோம்! திருவிழாப் படங்கள், பள்ளிக்கூட வரலாறு, பிள்ளைகளின் கட்டுரைகள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். டொரோண்டோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் இருந்த ஊர்ச்சனம் காலைத் தேத்தண்ணியோடு அந்தப் பக்கத்தைத்தான் திறந்தது. யார் போனார், எங்கே, எப்போது தகனம் என்பதெல்லாம் அதில் இருக்கும். படத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு அசைந்து எரியும். பக்கத்தின் பாரம் கூடுகிறது, திறக்கச் சுணங்குகிறது என்று நீர் ஒருமுறை அந்த விளக்கை எடுத்துவிட்டீர். கொஞ்ச நேரத்தில் லண்டனிலிருந்து தொலைபேசி வந்தது. "தங்கச்சி, எங்கட அப்பாவுக்கு மட்டும் ஏன் விளக்கு எரியேல்லை? நாங்கள் என்ன குறை விட்டனாங்கள்?" மறுபேச்சில்லாமல் விளக்கைத் திரும்ப ஏற்றிவைத்தீர்.

அப்போது நாங்கள் பகிர்வு ஹோஸ்டிங்கில் இருந்தோம். ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள். ஒரு பூக்கடை, ஒரு சைக்கிள் கழகம், நடுவில் எங்கள் செத்தவீடுகள். சாதாரண நாட்களில் ஒரு குறையுமில்லை. பிறகு ஊரில் பாதிப் பேருக்குப் படிப்பித்த கணக்கு வாத்தியார் இங்கே கொலோனில் காலமானார். உலகமெல்லாம் ஒரேநேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தது. அனுதாபம் எழுதியவர்கள் தங்கள் பெயர் வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பக்கத்துத் தளங்களுக்கு இடைஞ்சல் என்று கம்பனி எங்கள் தளத்தை நிறுத்திவிட்டது. அவர்களது விதி அப்படி. அதே நாளில்தான் தகனத்துக்குக் குறித்த நாள் வெள்ளியிலிருந்து வியாழனுக்கு மாறியது. திருத்தலாம் என்று போனால், தளமே இல்லை. தெரிந்த எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தோம். தெரியாத ஒருவர் பாரிசிலிருந்து வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினார்.

வாத்தியாரின் பள்ளித் தோழர். தகவல் கிடைத்து நாம் இருவரும் ரயில் நிலையத்துக்குப் போனபோது, மாலை வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். "பிள்ளையள், தளத்தில வெள்ளி எண்டுதானே கிடந்தது?" என்றார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் உமது குசினியில் சண்டை பிடித்தோம். வி.பி.எஸ். எடுக்க வேண்டும் என்று நின்றீர். ஒரு பெரிய கணினியைத் தடுப்புப் போட்டுப் பிரித்து ஆளுக்கொரு அறையாகக் கொடுப்பார்கள், எங்கள் அறையின் பலம் எங்களுக்கு மட்டும் என்று விளக்கினீர்.

"ஹைமில இருந்த ஆக்கள்தானே நாங்கள்? அகதி முகாமின்ர பொதுக் குசினி மறந்துபோச்சோ? ஆரும் பெரிய பானை வைச்சா மற்ற ஆக்களின்ர சோறு வேகாது. நாங்கள் பெரிய பானை வைச்சதுக்குத்தான் இப்ப துரத்திப்போட்டாங்கள். செத்தவீட்டுக்குச் சின்னப் பானை வைக்க ஏலுமோ?" என்றீர்.

"ஹைமில குழாய் உடைஞ்சா ஹவுஸ்மைஸ்டர் வந்து பாப்பான். தனி வீட்டில உடைஞ்சா? புது மென்பொருள் போடுறது, பூட்டுப் போடுறது, எல்லாம் எங்கட தலையில. ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன்."

"நீர் லீவில போனா?"

"அங்கயிருந்து பாக்கிறன்."

"உமக்கு வருத்தம் வந்தா?"

நீர் கோப்பையைக் கழுவிக்கொண்டு சிரித்தீர்.

நான் கேட்டது பிழையான கேள்வி அல்ல. ஒரு பூக்கடைக்காரன் இன்றைக்கு வந்து கேட்டாலும், பகிர்வு ஹோஸ்டிங் போதும், வீண் வேலைக்குப் போகாதே என்றுதான் சொல்லுவேன். ஆனால் ரயில் நிலைய வாங்கில் இருந்த அந்த ஐயாவை நினைத்துச் சம்மதித்தேன். நீர் சொன்னபடியே வி.பி.எஸ். எடுத்தோம்.

பார்த்தீர். சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போகுமுன் சேர்வரைப் பார்த்தீர். பாஸ்வேர்டைத் தட்டிப் பார்க்க வருகிற திருட்டு ஆட்களை அடைத்தீர். தளத்தின் பிரதியை எடுத்து வைப்பதோடு விடமாட்டீர். "எடுத்து வைக்கிறது காணாது. வேறிடத்தில திருப்பிப் போட்டு, திறக்குதோ எண்டு பாக்க வேணும்" என்பீர். கடைசியில் வருத்தம் வந்துதான் விட்டது, மாறாத நோயாக. நீர் சோபாவில் படுத்தபடி சொல்ல, நான் தட்டினேன். "மெதுவாத் தட்டும். அது கதவில்லை" என்று அந்த நிலையிலும் என்னைப் பகிடி பண்ணினீர்.

உமது அறிவித்தலை நானே போட்டேன், விளக்கோடு. பாரம் என்று நீர் முணுமுணுத்திருப்பீர், எனக்கென்ன. தளத்துக்கு அன்றுபோல் சனம் வந்ததில்லை. திரையில் வருகையைக் காட்டும் கோடு மேலே மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அழுதேன். உம்மேல் ஆத்திரமாகவும் இருந்தது. சேர்வர் அசையாமல் தாங்கியது. பாரிசிலிருந்து அந்த ஐயா நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கொண்டுவந்த மாலையை உமக்குப் போட்டார்.

நேற்றுச் சங்கக் கூட்டம். தலைவர் அண்ணை மெல்லத் தொடங்கினார். "பிள்ளை, அவவும் இல்லை. பழையபடி எல்லாரோடையும் சேர்ந்து ஒரு இடத்தில இருப்பம். கம்பனிக்காரன் பாத்துக்கொள்ளுவான். தனிச் சேர்வரை இனி ஆர் பாக்கிறது?"

என்னுடைய கேள்வியை இன்னொருவர் வாயில் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"நான் பாக்கிறன் அண்ணை."

"உங்களுக்கு வேலை, பிள்ளையள் எண்டு எவ்வளவு இருக்கு. ஏலுமோ?"

"ஏலாது எண்டு நான் சொன்னனானோ?"

சேர்வரை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அதனால்தான் இன்று காலை உமது விசைப்பலகைக்கு முன் வந்து இருந்தேன். புது மென்பொருளைப் போட்டேன். பிரதியை எடுத்தேன், வேறிடத்தில் திருப்பிப் போட்டும் பார்த்தேன். வாத்தியார் இருக்கிறார். லண்டன்காரரின் அப்பா இருக்கிறார். நீர் இருக்கிறீர், விளக்கு எரிகிறது. நாளைக்கு நானும் விழுந்தால் ஆர் பாக்கிறது என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அன்று உமது குசினியில் அப்படிக் கேட்டவள்தான் இப்போது உமது கதிரையில் இருக்கிறாள்.