உப்பில் புதைத்த அறுபது வயது மாப்பிள்ளை

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஐப்பசி மழையில் மரக்காணமே ஊறிக் கிடக்கிறது, துவைத்த புடவை மூன்று நாளாகியும் காயவில்லை, அது தவிர ஒரு குறையும் இல்லை. அயர்லாந்திலும் மழைதான் என்கிறாய், தலையை நனைத்துக்கொண்டு வேலைக்குப் போகாதே.

கூட வேலை செய்யும் நர்சின் பிறந்தநாள் கேக்குக்கு ஃபாண்டன்ட் சர்க்கரை மாவில் பொம்மை செய்யப் போகிறேன், அதை எப்படிக் கெட்டியாக்குவது என்று போன வாரம் போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கப்பா போனை வாங்கி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஏன் என்று இப்போது எழுதுகிறேன், அவர் கடைக்குப் போயிருக்கிறார், கடிதத்தை லீவுக்கு வந்திருக்கும் உன் சிநேகிதி சரண்யாவிடம் கொடுத்தனுப்புகிறேன், அவள் ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறாளாம்.

உப்பள முதலாளி சுப்ராயன் ஐயாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. அவர் சம்சாரம் பாக்கியலட்சுமி அம்மா என்னைக் கூப்பிட்டு, கேக் நீதான் செய்யணும், மேலே நாங்க ரெண்டு பேரும் மாலையும் கழுத்துமா நிக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். இதுவரை நான் செய்ததெல்லாம் தெருப் பிள்ளைகளுக்கு அரைக் கிலோ கேக்குதான். உங்கப்பா உப்புப் பாத்தியில் மட்டுமா மேஸ்திரி, வீட்டிலும் மேஸ்திரி, உடனே ஒரு சட்டம் போட்டார். இது நல்லபடியாக வந்தால் நான் அடுப்படியிலேயே இருக்கலாம், வராவிட்டால் தை மாதம் பழையபடி உப்பு வார வந்துவிட வேண்டும். என் குதிகால் புண் ஆறி ஒரு வருஷம்தான் ஆகிறது. திரும்பவும் அந்த உப்புத் தண்ணீரில் நிற்பதை நினைத்து நான் உண்மையிலேயே பயந்துபோனேன்.

கால் கிலோ சர்க்கரை மாவுக்கு, கெட்டியாவதற்கென்றே விற்கிற சி.எம்.சி. பவுடர் ஒரு டீஸ்பூன் சேர்த்துப் பிசைந்து, முதுகுக்குள் பல்குச்சி செருகி, நான்கு நாள் முன்னதாகவே ரெண்டு பொம்மையும் செய்து ஃபேன் காற்றில் வைத்தேன். ஐயாவின் மீசை அச்சு அசலாக வந்தது. பொண்ணு கெட்டியாகிவிட்டாள், மாப்பிள்ளைக்கு வயிறு பெரிதாக வைத்துவிட்டதால் இடுப்பு மட்டும் காயவே இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் கேக் அட்டை வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது, உங்கப்பாவிடம் பொம்மையைத் திருப்பித் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். கடல் தண்ணியவே காய வெக்கிறவன் நான், இந்த சக்கரை பொம்மய காய வெக்க மாட்டனா என்றார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பொண்ணு மட்டும் தனியாக நிற்கிறாள். மாப்பிள்ளை எங்கே என்றால், உள்ள இருக்கறாரு, தொந்தரவு பண்ணாத என்கிறார். கருவாடு போடுகிற மாதிரி ஒரு அன்னக்கூடை கல்லுப்புக்குள் முதலாளியைக் கழுத்து வரை புதைத்து வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் உப்பே வேர்த்து ஒழுகும் என்பது முப்பது வருஷமாக உப்போடு கிடக்கிற மனுஷனுக்கு அன்றைக்குப் பார்த்து மறந்துபோச்சு. வெளியே எடுத்தால் உடம்பெல்லாம் பிசுபிசு, சட்டை முழுக்க உப்புக் கல். நான் அழுதே விட்டேன்.

வேறு செய்து காய வைக்க நேரமில்லை. பிரஷ்ஷால் தட்டி, சோள மாவு தூவி, மறுநாள் கேக்மேல் நிறுத்தினேன். மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை இடுப்பு ஒடிந்து, பொண்ணு தோளில் தலை சாய்த்துவிட்டார். அந்த ஐயா சம்சாரத்தோடு சேர்ந்து தெருவில் நடந்துகூட யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, நாப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் சாஞ்சாரு, யாரும் நிமித்தாதீங்க என்றார்கள். ஐயா மட்டும் பொம்மைச் சட்டையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, நம்ம உப்புதான் என்று உங்கப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அந்த மண்டபத்திலேயே எனக்கு மூன்று ஆர்டர் வந்தது.

நேற்று உங்கப்பா தை மாதத்துக்கு ஆள் பேர் எழுதுகிற நோட்டைத் திறந்து வைத்திருந்தார். என் பேர் எழுதி அடித்திருந்தது. கேக் நல்லா வந்ததால் அடித்தீர்களா என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே, "இல்ல, நீ பாண்டிக்குப் போன அன்னைக்கே அடிச்சிட்டேன். அப்புறந்தான் பொம்மய பொதச்சேன்" என்றார்.

நீ பொம்மையை ஃபிரிட்ஜில் வைக்காதே, வெளியே எடுத்தால் வேர்க்கும், பவுடர் போட்டு ஃபேனில் வை, வயிற்றைச் சின்னதாகச் செய். உங்கப்பாவிடம் யோசனை கேட்காதே, ஆனால் நாளைக்கே போன் பண்ணி அவரோடு கொஞ்ச நேரம் பேசு. பூமீஸ்வரர் உனக்கு நல்ல உடம்பும் நல்ல மனசும் குறையாமல் கொடுக்கட்டும்.

உன்மேல் உயிராக இருக்கும் அம்மா,
இ. அம்சவள்ளி