ரோஜாத் தொட்டி மண்

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஈய உருக்காலையிலிருந்து மண் பரிசோதிக்க நம் தெருவுக்கு வந்த அன்று, கொல்லைக் கீரைப் பாத்தியை விட்டுவிட்டு வாசல் ரோஜாத் தொட்டியில் மண் அள்ளினாய். நீயே வெளியூரிலிருந்து மூட்டையில் கொண்டுவந்து கொடுத்த மண் அது. அவசரத்தில் இருக்கிறாய் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாப்பிடும்போது, "கீரை வேண்டாம்க்கா, வயிறு சரியில்ல" என்றாய். உன் பங்கையும் சேர்த்து என் மகள் சாப்பிட்டாள்.

நேற்று உன் கையெழுத்தோடு அறிக்கை வந்தது. எங்கள் மண்ணில் ஈயமே இல்லையாம். அவள் ரத்தத்தில் இருக்கிறது.

"மாமா மட்டும் ஏம்மா அன்னிக்குக் கீரை சாப்பிடல?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கிறாள். அதற்கும் ஒரு பதில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அக்காவாக இருந்தவள்