ஸ்டெல்லாவின் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

10, செவ்வாய்

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது.

காலேஜில் கொடுத்த லைட்டிங் பயிற்சிப் படம் திரும்பி வந்துவிட்டது. ஒரு நிமிடம், ஒரே முகம், பகல், வீட்டுக்குள். அவ்வளவுதான் கேட்டார்கள். அக்காவை உட்கார வைத்து எடுத்திருந்தேன். சார் படத்தை நிறுத்திவிட்டு, "பின்னால சுவரும் வெள்ளை, இவங்க முகமும் வெள்ளை. நிஜமாவே இந்த நிறமா இவங்க?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் ஏன்?"

சனிக்கிழமை மறுபடி எடுத்து, திங்கள் கொடுக்க வேண்டும். இதையும் கோட்டை விட்டால் அடுத்த வருடம் ஒளிப்பதிவு வகுப்பு கிடையாது. எடிட்டிங்கில் தள்ளிவிடுவார்கள்.

ரயிலில் உட்கார இடமில்லை. பேசின் பிரிட்ஜில் வெகுநேரம் நிறுத்திவிட்டான். நின்றுகொண்டே தூங்கினேன்.

11, புதன்

சாரின் கேள்விக்குப் பதில் பீரோவில் இருந்தது. தேடியது ஆதார் அட்டை. கிடைத்தது அக்காவின் போட்டோக்கள். சர்ச்சில் புதுநன்மை வாங்கிய நாள், பத்தாம் வகுப்பு, மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்பியது. எல்லாவற்றிலும் மாவு பூசிய முகம். தெருமுனை ஸ்டுடியோ அண்ணன் யாரும் கேட்காமலேயே வெளுப்பாக்கித் தருவார். அதையே பார்த்து வளர்ந்திருக்கிறேன். விளக்கு வைத்தபோது என் கை தானாக வெளிச்சத்தை ஏற்றியிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அக்காவுக்கு சாத்தாங்காட்டில், இரும்பு லாரிகளின் எடை மேடையில் சீட்டு போடும் வேலை. நாளெல்லாம் வெயில். வந்ததும் சோறுகூட வேண்டாமென்று படுத்துவிட்டாள்.

ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்களாம், ராயபுரத்துக்காரர்கள். அம்மா: "நீ லைட்டு படிக்கிற இல்ல? அன்னிக்கி ஸ்டெல்லா செவப்பா தெரியணும். காலேஜ் லைட்ட வூட்லயே வச்சிக்கோ."

வாங்க வேண்டியவை: கிளிப், டேப், ட்ரேசிங் பேப்பர், தலைவலி மாத்திரை.

14, சனி

காலை பத்து மணி. ஒரே ஜன்னல். விளக்கை முகத்துக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் தள்ளினேன். முன்னால் ட்ரேசிங் பேப்பர். வெளிச்சம் பாதி குறைந்தது. வெளிச்சத்தைத் திருப்பியடித்து மறுபக்க நிழலைக் கொஞ்சம் குறைக்க, மீன் பெட்டியின் தெர்மோகோல் மூடி. அப்பா துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடுபவர். "இன்னாடி, மூடிய தூக்கினு எங்க போற?" என்று பின்னாலேயே வந்தார்.

மூன்று முறை கழுவியும் சங்கரா மீன் வாடை போகவில்லை. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வாசலில் பூனை. நான்கு டேக். மூடியைப் பிடித்துப் பிடித்துக் கை விட்டுப்போனது.

அக்கா கேமராத் திரையில் பார்த்தாள். ரொம்ப நேரம். கறுப்புக் கன்னம், ஒரு பக்கம் மினுமினுப்பு, கண்ணுக்குக் கீழே அசதி.

"இது நானாடி?"

"பின்ன யாரு?"

"நல்லாத்தான் கீறேன்."

எனக்கு அழுகை வந்தது. தூக்கம் போதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "இன்னா வேடிக்க பாத்துகினு கீற? லைட்ட வை." சண்டை போடத் தெம்பில்லை. வைத்தேன். அதுவும் நேர் எதிரே, முழு வெளிச்சம். நேற்றுக் கற்றதெல்லாம் போச்சு. கோழை நான்.

நான்கு மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். அக்கா காப்பித் தட்டோடு வந்தவள் விளக்கின் முன் கண் கூசி நின்றாள். என்னைப் பார்த்தாள். தட்டை வைத்தாள். விளக்கை அணைத்தாள். நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றார்.

"அது போட்டோம்மா. நான் இதான்."

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளை காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

18, புதன்

பாஸ். "இப்பதான் முகம் தெரியுது" என்றார் சார். வேறொன்றும் இல்லை. ஒளிப்பதிவு வகுப்பு உண்டு. குதிக்க வேண்டும் போல இருந்திருக்க வேண்டும். கால் வலி.

ராயபுரத்திலிருந்து போன் இல்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. அப்பாவுக்கு மூடி திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் அக்கா, தலையெல்லாம் இரும்புத் தூசி, என் பக்கத்தில் வந்து விழுந்தாள்.

"இன்னா ஆச்சு உன் படம்?"

"பாஸ்."

"அதுலேர்ந்து ஒரு போட்டோ எடுத்து குடு. இனிமே கேக்கறவங்களுக்கு அத்த அனுப்பிக்கலாம்."

எந்த ஃப்ரேம் என்று கேட்கத் திரும்பினேன். தூங்கிவிட்டிருந்தாள்.