டோக்கன் பதினேழு

அன்புத் தங்கைக்கு,

கன்னியர் மடத்தில் எல்லோரும் நலம்தானே? நானும் நலம். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதே, சின்னக் கட்டிதான். எங்கே என்று நேரில் சொல்கிறேன். உன் அத்தானுக்கு இன்னும் தெரியாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மூன்று மாதமாக ஜெபப் புத்தகத்துக்குள் கிடந்தது. மாமியாரின் கண் ஆபரேஷன், மகளின் பரீட்சை என்று நாள் ஓடிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் என் பாவங்களைச் சொல்லும்போது இதையும் ஃபாதரிடம் உளறிவிட்டேன். "போய் ஸ்கேன் எடுங்க, அதுதான் உங்களுக்குப் பரிகாரம்" என்றார். நான் அதற்குப் பதிலாக ஒரு வாரம் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"கடவுள்கிட்டயே பேரமா? உங்களை நேசிக்கிற மாதிரிதானே மத்தவங்களையும் நேசிக்கச் சொன்னார்? உங்களைக் கவனிக்கிற லட்சணத்துல மத்தவங்களையும் கவனிச்சா அவங்க கதி என்னம்மா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் என் டோக்கன் ஒன்பது. ஒரு கர்ப்பிணிக்கு விட்டுக்கொடுத்தேன், பன்னிரண்டு ஆனது. பிறகு ஒரு பெரியவருக்கு, பதினேழு ஆனது. புண்ணியம் என்றுதான் நினைத்தேன். பதினேழைக் கையில் வாங்கியபோதுதான் அது பயம் என்று புரிந்தது.

பதினாறாம் நம்பர் உள்ளே போயாயிற்று. பக்கத்தில் இருக்கும் அம்மா இப்போது கேட்கிறார்: "அவசரமாப் போகணும், உங்க நம்பரைத் தர்றீங்களா?"

"இல்லம்மா, இது எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டேன்.

இன்று உன் ஜெபத்தில் மற்றவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். என் பெயரை முதலில் சொல்.

உன் அக்கா