மளை என்றே இருக்கட்டும்

இன்று காலை அம்மாவைப் பார்க்க செம்பூரிலிருந்து தாராவிக்கு வந்து நம் சந்துக்குள் திரும்பும்போது, பை தைக்கும் காரகானா ஒன்றின் கதவு திறந்தது. தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை முகத்தில் அடித்தது. கூட நடந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் நின்றுவிட்டேன். பதினேழு வயதில் உன் மேல் எப்போதும் இந்த வாடைதான். அத்தர் பூசினாலும் அதையும் மீறி அடிக்கும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு உன் வாப்பாவின் காரகானாவில் பைகளுக்கு வார் ஒட்டிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்து வீட்டுச் சிநேகிதி, ஜூனியர் காலேஜில் பிளஸ் டூ.

உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். என் கவிதைகள் புத்தகமாக வருகின்றன. பிழை திருத்துகிறவர் மெட்ராஸ்காரர். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களை அனுப்பியிருந்தார். முதல் கவிதையில் ‘மளை’ என்று நான் எழுதியதை அடித்து, சிவப்பில் ‘மழை’ என்று போட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய்.

நாம் இருவருமே இந்தி மீடியம். வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ், எழுதத் தெரிந்தது இந்தி எழுத்து. அதனால் தமிழ்க் கவிதையை நான் இந்தி எழுத்தில்தான் எழுதினேன். மராத்திப் பாடத்தில் படித்த ‘ள’ கைவசம் இருந்தது. ‘ழ’வுக்கு அங்கே எழுத்தே இல்லை. நம் சந்தில் அதைத் தேடியவர்களும் இல்லை. வாளப்பளம் என்று கேட்டால் கடைக்காரர் கொடுத்தார், மளை என்று சொன்னாலும் நனைந்தோம். யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

எழுதியதை முதலில் உனக்குத்தான் படித்துக் காட்டுவேன். வார் ஒட்டியபடியே கேட்பாய். “ஏட்டி, இது டி.வி.ல பேசுத மாதிரில்லா இருக்கு” என்பாய். அந்த வரியை அடித்துவிடுவேன். பிடித்துவிட்டால் ஒட்டுகிற கை மட்டும் நின்றுவிடும்.

மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் கவிதைப் போட்டி என்று கேள்விப்பட்டு என் பேரைக் கொடுத்தது நீதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையில் முதல் சொல்லைச் சொன்னதுமே நடுவர் கையைத் தூக்கினார். பேங்க்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். “மளை இல்லேம்மா, மழை. நாக்கை நன்னா உள்ளே மடிச்சுச் சொல்லு” என்றார். சொன்னேன். மளை என்றுதான் வந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அப்போதும் மளை. முன்வரிசையில் சிரித்தார்கள். என் தாளை வாங்கிப் பார்த்தார். இந்தி எழுத்தைக் கண்டதும் பக்கத்திலிருந்தவருக்கும் காட்டினார். முதலில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு அடுத்த வருஷம் வா என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படியிறங்கத் தொடங்கினேன்.

பின்வரிசையில் நீ எழுந்தாய். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாய்.

“சார், அவ சொன்னது ஒங்களுக்கு வெளங்கிச்சா, இல்லியா?”

அவர் திகைத்துப்போய், விளங்கியது என்றார்.

“அப்பம் மேலேருந்து என்ன விளுதுன்னு தெரிஞ்சிட்டுல்லா. மிச்சத்தையும் கேளுங்க.”

நான் திரும்ப ஏறினேன். தாள் அவர் கையிலேயே இருந்தது. பார்க்காமல் சொன்னேன்.

மளை பேஞ்சா
ஒங்களுக்கு ஜன்னல்,
எங்களுக்கு பக்கெட்டு.
நெறஞ்ச பக்கெட்ட
எங்க கொட்டன்னு கேட்டா
பள்ளத்தக் காட்டுதீங்க.
பள்ளத்துல இருக்கது
எங்க வீடு.

என் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது. பரிசு கிடைக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் வாங்கிக் கொடுத்து, “தீர்ப்ப அவுக சொல்லட்டும், நாம சொல்ல வந்தத சொல்லியாச்சு” என்றாய். பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு ரயில் வரும்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாய்.

அடுத்த மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோயிற்று. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. அள்ளாத குப்பையிலும் தேங்கிய தண்ணீரிலும் வளர்ந்த கொசுவுக்கு விதி என்று பேர் வைக்க எனக்கு மனம் வராது.

பிறகு கடைப் பலகைகளையும் போனையும் பார்த்து நானே தமிழ் எழுத்துப் படித்தேன். ‘ழ’வும் வந்துவிட்டது. வாழைப்பழம் என்று இப்போது சுத்தமாகச் சொல்கிறேன், நம் சந்துக் கடைக்காரர் “என்னது?” என்று கேட்கிறார்.

மத்தியானம் அந்தப் பிழை திருத்துகிறவருக்குப் போன் செய்தேன். பொறுமையாகத்தான் பேசினார். ‘பேஞ்சா’ பேச்சுவழக்கு, அதை விட்டுவிடலாமாம். ‘மளை’ மட்டும் பிழையாம். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள் என்றார். நினைக்கட்டும் என்றேன். கீழே ஒரு குறிப்பாவது போடலாம் என்றார்.

“குறிப்பும் வேண்டாம் சார். மாத்தினா புஸ்தகமே வேண்டாம்.”

சரி, அப்படியே இருக்கட்டும் என்றார்.

நீ இருந்திருந்தாலும் இந்தப் புத்தகத்தை உன்னால் படித்திருக்க முடியாது. தமிழ் எழுத்து உனக்குக் கடைசிவரை தெரியாது. நான் சுமந்து வந்ததும் எழுத்தை இல்லை, நீ பேசிய பேச்சை. இனி அந்தக் கவிதையை உரக்கப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு சுத்தமான தமிழ் பேசுகிறவராக இருந்தாலும், முதல் சொல்லை உன் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.